நீலம் ஓடிய வாரம்

என் தம்பி பொண்டாட்டியைத் தெருவில் எல்லாரும் கண்டக்டர் என்றுதான் சொல்வார்கள். பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்ப்பதால் வந்த பெயர். அந்த வேலையே இல்லாவிட்டாலும் அவளுக்கு வேறு பெயர் பொருந்தாது. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நின்னு என்ன கனவு" என்று பயணிகளிடம் பேசுகிற அதே குரலில்தான் வீட்டிலும் பேசுவாள். மாடியில் அவர்கள் குடித்தனம், கீழே நான் தனி. கூரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுகிற வேலை எனக்கு. எனக்கும் வாய் ஒன்றும் குறைச்சல் இல்லை. நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் எங்களுக்கும், ஏழாம் பொருத்தம். தண்ணீர் மோட்டார் போடுவதில் ஆரம்பித்து, துணி காயப்போடும் கொடி வரைக்கும் நாங்கள் சண்டை போடாத விஷயம் கிடையாது. ஆனால் அவளை வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைத் திட்டுகிற உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

தம்பி சாயப்பட்டறையில் வேலை செய்தான். துணிக்குச் சாயம் ஏற்றுகிற இடம். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று துணியைப் புரட்டிவிடுவது அவன் வேலை. அங்கே ஒரு வாரத்துக்கு ஒரு நிறம்தான் ஓடும். நிறத்தை மாற்றினால் தொட்டி, குழாய், தரை எல்லாவற்றையும் கழுவ வேண்டும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். சிவப்பு ஓடுகிற வாரம் எல்லார் நகமும் சிவப்பு. நீலம் ஓடுகிற வாரம் காதுமடல் வரைக்கும் நீலம். தும்மினால் கைக்குட்டையில்கூட அந்த வாரத்து நிறம்தான் இருக்கும். "எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்த்தா கிழமை தெரியாது, எந்த வாரம்னு தெரியும்" என்பாள் கண்டக்டர். சாயக்காரன் ஒண்ணுக்குப் போனாலும் சாயமாகத்தான் போவான் என்று பட்டறையில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. சிரிப்பதற்காக யாரோ ஆரம்பித்தது. சொல்லிச் சொல்லி அங்கே பாதிப் பேர் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தத் தொட்டி ஓரத்திலேயேதான் ஒரு நாள் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மாரடைப்பு. நல்லவேளை, மேஸ்திரி அவனை அப்படியே வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அடைத்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலையை வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, ஒரு வருஷத்துக்கு ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நாங்களும் மூச்சு விட்டோம். மீசை முளைக்கும் முன்பே பிடித்த சிகரெட்டை அவன் அன்றோடு விட்டான். அந்த ஒரு விஷயத்தில் அவனை மெச்ச வேண்டும், நான் எத்தனை வருஷம் கரடியாய்க் கத்தியும் விடாதவன் அவன். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது.

"பெரிய கண்டத்தைத் தாண்டியாச்சுக்கா. இனிமே எமனுக்கே என் அட்ரஸ் மறந்து போயிருக்கும்" என்பான்.

ஒரு பெரிய வியாதி வந்தவனுக்கு இன்னொன்று வராது, அவன் பங்கு முடிந்துவிட்டது என்று அவனாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன. ஆனால் அப்போது எனக்கும் அவன் பேச்சு காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். வாரத்துத் துணி ஊறவைக்கிற நாள் அது. கொடிக்குச் சண்டை போட வருகிறாள் என்று நானும் தயாராக நின்றேன். அவள் வாளியிலிருந்து தம்பியின் உள்ளாடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணி, இது என்ன கறை?"

"சாயக்காரன் துணியில என்ன கறை இருக்கும்? சாயம்தான். இதைக் காட்டவா மாடியிலேருந்து இறங்கி வந்தே?"

"இந்த வாரம் பட்டறையில நீலம் ஓடுது. சட்டையைப் பாருங்க, பனியனைப் பாருங்க, எல்லாம் நீலம். இது மட்டும் எப்படிச் சிவப்பாச்சு?"

நான் திரும்பவும் பார்த்தேன். துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு. அவள் வாளியை என் வாசலிலேயே வைத்துவிட்டு மாடிக்கு ஏறினாள், நானும் பின்னாலேயே போனேன்.

தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு மூல வியாதியாக இருக்கும் என்றான். கண்டக்டர் அந்தத் துணியை அவன் முன்னால் பிடித்துக்கொண்டு, இந்தக் கறை முன்பக்கத்தில் இருக்கிறது என்று காட்டியதும் பேப்பரை மடித்து வைத்தான்.

"ஒண்ணுக்குப் போறப்ப லேசாச் சிவப்பா வந்துச்சு. அப்ப பட்டறையில சிவப்பு ஓடுச்சு, அதான்னு நினைச்சேன்."

"சிவப்பு ஓடி ரெண்டு மாசம் ஆகுது."

"அதுக்கப்புறமும் அப்பப்ப வந்துச்சு. மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவர் மச்சானுக்கும் இதே மாத்திரைதானாம். பல் தேய்ச்சாலே ரத்தம் வருமாம். ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை, அப்படித்தான் இருக்கும்னார். சரின்னு மூணு நாளா அதை நிறுத்திட்டேன். நேத்துலேருந்து ரத்தமும் நின்னுபோச்சு. பாத்தியா, நான் சொன்ன கணக்கு சரியாப் போச்சு."

சொல்லிவிட்டு ஏதோ பரீட்சையில் தேறியவன் மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். கண்டக்டர் கத்தினால் எனக்குப் பயமே கிடையாது, நானும் சேர்ந்து கத்துவேன். அன்றைக்கு அவள் கத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். இருதய வார்டு நர்ஸ் மறுமுனையில் பதறியது எனக்கே கேட்டது. ஸ்டென்ட் வைத்து வருஷம் ஆகாதவர் மாத்திரையை நிறுத்தவே கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், இப்போதே போடச் சொல்லுங்கள், நாளைக்கு வந்து டாக்டரைப் பாருங்கள் என்றார். கண்டக்டர் மாத்திரையையும் தண்ணீரையும் அவன் கையில் கொடுத்து, அவன் விழுங்குகிற வரைக்கும் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை அவள் எழுந்து பார்த்தபோது ஆள் இல்லை. விடிவதற்கு முன்பே டிபன் டப்பாகூட எடுக்காமல் பட்டறைக்கு நழுவிவிட்டான். அவனுக்கு ரத்தம் நின்றுவிட்டது, அத்தோடு விஷயமும் முடிந்துவிட்டது. அவள் டிப்போவுக்குப் போன் செய்து லீவு சொன்னாள். முதல் ட்ரிப்புக்கு மாட்டிய யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, கூட வர்றீங்களா? நான் மட்டும் போனா என்னை உருட்டி மிரட்டி அனுப்பிடுவார். நீங்க இருந்தா கொஞ்சம் அடங்குவார்."

அவள் என்னை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனேன்.

பட்டறை வாசலில் மேஸ்திரி எங்களை மறித்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவருக்கு ஆள் குறைச்சல். "ஏம்மா, தொட்டியில துணி கிடக்கு. ஷிஃப்ட் நடுவுல ஆளை எப்படி விடறது?"

"நெஞ்சைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தப்ப நடுவுலதானே விட்டீங்க? அன்னைக்குப் படுத்துக்கிட்டு வந்தார். இன்னைக்கு நடந்து வரட்டும்."

மேஸ்திரியே உள்ளே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கை முட்டி வரைக்கும் நீலம், கழுவவும் விடவில்லை அவள். பஸ்ஸில் வரும்போது தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் திடீரென்று சொன்னான்.

"உனக்கென்ன தெரியும். அந்தக் கட்டில்ல படுத்தது நான். இன்னொரு தடவை ஒரு டாக்டர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு, இவர் என்ன சொல்லப் போறாரோன்னு உட்கார என்னால ஆகாது."

அவன் பயந்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை மிதப்பும் அந்தப் பயத்துக்குப் போட்ட மூடிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டருக்கு வரவில்லை.

"ஆகலைன்னா கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க," என்றாள். "டாக்டர் மூஞ்சியை நான் பார்த்துக்கறேன்."

இருதய டாக்டர் முதலில் மாத்திரையை நிறுத்தியதற்காக அவனை ஒரு பிடி பிடித்தார். பிறகு கறையைப் பற்றிக் கேட்டார், சிகரெட்டைப் பற்றிக் கேட்டார், பட்டறையைப் பற்றிக் கேட்டார். தம்பி அங்கேயும் தன் கணக்கைச் சொல்லிப் பார்த்தான்: மாத்திரையை நிறுத்தினேன், ரத்தம் நின்றது, ஆகவே காரணம் மாத்திரை.

"மாத்திரை ஓட்டை போடாதுங்க," என்றார் டாக்டர். "ஏற்கெனவே எங்கேயாவது கசியற இடம் இருந்தா, கசிவை அதிகமாக்கும். அந்த இடம் எதுன்னு பார்க்காம மாத்திரை மேல பழியைப் போட்டா நாம ஏமாந்து போவோம். மூத்திரப்பையில கட்டி இருந்தாலும் ரத்தம் இப்படித்தான் வரும், போகும். தானா நிக்கறதும் உண்டு."

"கட்டின்னா?" என்று நான் கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"புற்றுநோயாவும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பார்த்துடணும்."

"டாக்டர், அவருக்கு இருதய வியாதிதானே," என்றாள் கண்டக்டர். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

டாக்டர் அவளை உட்காரச் சொன்னார். வெளியே கூட்டம் இருந்தும் நிதானமாகத்தான் பேசினார். "இருதய நோய் வந்தவங்களுக்குப் புற்றுநோய் மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு சில ஆராய்ச்சிகள் சொல்லுது. ஒண்ணு இன்னொண்ணைக் கொண்டுவருதான்னு இன்னும் உறுதியாத் தெரியல. ஆனா ரெண்டுக்கும் பல சமயம் வேர் ஒண்ணுதான். சிகரெட், சர்க்கரை, உடம்பு எடை, வயசு. இவர் இழுத்த புகை நெஞ்சோட நிக்கல. ரத்தத்துல கலந்து, சிறுநீர்ல இறங்கி, அந்தப் பையில தங்கித்தான் வெளியே போயிருக்கு. இத்தனை வருஷமா. சில சாயப் பொருள்களும் அந்தப் பைக்கு ஆகாது. இருதயத்துக்கு வைத்தியம் பார்த்தாச்சுன்னா மத்ததெல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்லம்மா."

தம்பி நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே மூத்திரப்பைக்குள் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்தார்கள். பார்த்தது ஒரு பெண் டாக்டர், மூத்திரப்பை ஆபரேஷன் செய்கிறவர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். உள்ளே கட்டி இருக்கிறது, பார்த்தால் புற்றுநோய் மாதிரிதான் தெரிகிறது, சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆஸ்பத்திரித் தூணை உதைக்கலாம் போலிருந்தது. ஒரு மனுஷனுக்கு ஒரு வியாதி போதாதா? வரிசையில் நின்று வாங்கவா போனான்?

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. ரத்தம் இப்படித் தண்ணீராக இருக்கும்போது கட்டியைச் சுரண்டினால் ரத்தம் நிற்காது, இரண்டு மாத்திரையையும் நிறுத்த வேண்டும், இருதய டாக்டரிடம் சம்மதம் வாங்கி வாருங்கள் என்றார்கள் மூத்திரப்பை வார்டில். அங்கே போனால் அன்றைக்கு இருந்த உதவி டாக்டர், இரண்டையும் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போகலாம், வருஷம் முடிகிறவரை ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா என்று அவர்களைக் கேளுங்கள் என்றார். தள்ளிப்போட்டால் கட்டி ஆழமாக இறங்கிவிடும் என்றார்கள் மூத்திரப்பை வார்டில். இருதயக் கட்டடம் இந்தக் கோடி, மூத்திரப்பைக் கட்டடம் அந்தக் கோடி, நடுவில் வண்டிகள் நிற்கிற பெரிய வெயில் மைதானம். அதில் நாங்கள் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தோம். இரண்டு பக்கம் சொன்னதும் சரி. இரண்டையும் கேட்டால் அவன் பிழைக்க வழியே இல்லை.

அடுத்த நாள் நாங்கள் முதலில் பார்த்த இருதய டாக்டரே வந்திருந்தார். கண்டக்டர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பியை நிற்க வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள், அதைப் பார்த்ததுமே இவள் ஏதோ முடிவோடு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"டாக்டர், நீங்க இவரோட நெஞ்சைப் பார்க்கறீங்க. அவங்க இவரோட பையைப் பார்க்கறாங்க. எனக்கு ரெண்டும் ஒரே ஆளுக்குள்ளதான் இருக்கு. நீங்க சொல்றதை அவங்ககிட்டயும் அவங்க சொல்றதை உங்ககிட்டயும் சொல்லிச் சொல்லி, நடுவுல நான் எதையாவது விட்டுட்டேன்னா போறது அவர் உயிர். நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை நேராப் பேசிக்குங்க."

"பேசறேம்மா. சாயங்காலம் பேசிட்டுச் சொல்லி அனுப்பறேன்."

"இப்பப் பேசுங்க டாக்டர். நான் இங்கேயே இருக்கேன்."

வாசலில் நின்ற நர்ஸ், "அம்மா, அடுத்த ஆளை உள்ளே விடணும், எழுந்திருங்க" என்றார்.

"விடுங்க. அவங்க அந்த ஸ்டூல்ல உட்காரட்டும். நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதா இல்ல. போலீசைக் கூப்பிட்டாலும் நாற்காலியோடதான் தூக்கணும்."

தம்பிக்கு மானம் போய்விட்டது. "வா போகலாம்" என்று அவள் தோளைத் தொட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார்.

இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. கண்டக்டர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு டாக்டர் விவரமாகச் சொன்னார். ஒரு மாத்திரை நிற்காது, கடைசிவரை ஓடும். மற்றதை மட்டும் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னால் நிறுத்திவிட்டு, முடிந்ததும் கூடிய சீக்கிரம் திரும்ப ஆரம்பிப்பார்கள். ஆபரேஷன் அந்தக் கட்டடத்தில் இல்லை, இந்த இருதயக் கட்டடத்தில், நெஞ்சில் ஏதாவது ஆனால் உடனே பார்க்கிற மாதிரி அவருடைய ஆட்களும் கூடவே இருப்பார்கள். ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் இதைவிட நல்ல வழி கிடையாது என்றார்.

"ரெண்டு நோயும் ஒண்ணா இருக்கறவங்க இப்ப நிறையப் பேர் வர்றாங்க," என்றார். "நாங்கதான் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கணும். சரி, இப்பவாவது நாற்காலியைக் கொடுப்பீங்களா?"

"ரொம்ப நன்றி டாக்டர்," என்று எழுந்து, நாற்காலியை அடுத்த ஆளுக்குத் துடைத்துவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் அன்று அவள் உட்காரவே இல்லை. கதவுக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். கதவு திறந்தபோது அந்தப் பெண் டாக்டர் முதலில் சொன்னது, "நெஞ்சுல ஒரு பிரச்சினையும் வரல" என்பதுதான். கட்டியைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொன்னார். முழுவதும் எடுத்தாயிற்று. ரத்தமும் நின்றுவிட்டது.

சோதனை முடிவு வர நாளாகியது. அந்த நாட்களில் நானும் அவளும் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. முடிவில் புற்றுநோய்தான் என்று இருந்தது. ஆனால் பையின் தசைக்குள் இறங்கவில்லை, மேலோடு நின்றிருக்கிறது. பையில் மருந்து ஏற்றுவார்கள், கீமோ மாதிரி உடம்பு முழுவதையும் வாட்டுகிற வைத்தியம் இப்போதைக்குத் தேவைப்படாது. இன்னும் சில மாதம் போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றார் பெண் டாக்டர்.

"அந்த மாத்திரை சாப்பிடலைன்னா இவ்வளவு சீக்கிரம் ரத்தம் தெரிஞ்சிருக்குமான்னு சந்தேகம்தான்," என்று தம்பியிடம் சொன்னார். "நீங்க அதைத் திட்டினீங்க. அதுதான் காட்டிக்கொடுத்திருக்கும்."

பட்டறையில் மேஸ்திரி அவனைத் தொட்டியிலிருந்து எடுத்துத் துணி மடிக்கிற பக்கம் போட்டார். நெஞ்சுக்கு மாத்திரை, பைக்கு மருந்து, மாதம் தவறாமல் இரண்டு கட்டடத்துக்கும் நடை. அதோடு தீரவில்லை. இந்த வகைக் கட்டி திரும்ப முளைக்கும் சுபாவம் உள்ளது, அதனால் சில மாதத்துக்கு ஒரு தடவை அதே குழாயை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வருஷக்கணக்காக. முதல் தடவை சுத்தமாக இருந்தது. இரண்டாம் தடவையும் சுத்தம். மூன்றாவது தடவை போக வேண்டிய காலையில் மாடியில் சத்தம் கேட்டு நான் ஏறிப் போனேன்.

தம்பி கட்டிலில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். கண்டக்டர் அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மெலிந்து போயிருந்தான். கோபமெல்லாம் இல்லை அவன் குரலில், வெறும் அலுப்பு.

"நெஞ்சு நல்லா இருக்கு. பை நல்லா இருக்கு. போதும், விடேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாசல்ல உட்காரும்போது செத்துப் பொழைக்கிறேன். இன்னும் எத்தனை நாளைக்கு என்னை இப்படி இழுத்துட்டுப் போவே?"

"நீங்க உயிரோட இருக்கற வரைக்கும்," என்றாள் அவள். "அது எத்தனை வருஷமோ, அத்தனை வருஷமும். அது ரொம்ப வருஷமா இருக்கணும்னுதான் கூட்டிட்டுப் போறேன்."

தம்பி சட்டைக்காகக் கையை நீட்டினான்.